கணினிச் சொற்பட்டியலும் தொலைக்கல்வி மாணவரும்: ஒரு மதிப்பீடு

சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நால்வகைப்படுத்திய தொல்காப்பியர், அவற்றுள் திரிசொல்லை மேலும் இருகூறாக்கினார். ஒரு பொருளைக் குறித்துப் பல சொற்கள் வருதல் ஒரு கூறு. பல பொருளைக் குறித்து ஒரு சொல் வருதல் மற்றொரு கூறு. வெற்பு, விலங்கல், விண்டு என்பன மூன்றும் மலையையே உணர்த்துதலை முன்னதற்கும், எகினம் என்னும் ஒரு சொல் அன்னம், கவரிமா, புளிமரம், நாய் ஆகியவற்றை உணர்த்துதலைப் பின்னதற்கும் உரைகாரர் எடுத்துக்காட்டுவர். இவ்விருவகையும் செய்யுளுக்கு உரியன. எதுகையும் மோனையும் தேடும் புலவனுக்கு இவை பெருஞ் செல்வமாம். ஆயின் புலவனுக்குச் செல்வமாவது தொழில் பயில்வோனுக்கும் செல்வமாகுமோ என்பது வேறு வினா. அவ்வினாவை எழுப்பி, இக்காலத்துக் கல்வியில் இன்றியமையாத இடம்பெற்றுவிட்ட ஒரு துறையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அத்துறை, கணினி வழியாகவும் இணையத்தின் வழியாகவும் தொலைவிலிருந்து கற்கத் தொடங்கும் மாணவர்க்கு வேண்டிய அடிப்படைச் சொற்களாகும். தொலைக்கல்வி எமது நாட்டிற்குப் புதியதன்று. இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டத்துக்கு வீட்டிலிருந்தே படித்துத் தேறிய ஆசிரியர் பலரை யாழ்ப்பாணம் அறியும். 1980ஆம் ஆண்டிலே இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபின் அவ்வழி மேலும் அகன்றது. அக்காலத்தில் மாணவனுக்கும் ஆசிரியனுக்கும் இடையே நின்றது தபாற்காரன் கையிலிருந்த கடிதவுறை. அதனைத் திறப்பதற்குத் தனிச் சொற்பயிற்சி வேண்டியிருக்கவில்லை. இன்று இடையே நிற்பது ஒரு திரை. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, முன்னர் அத்திரையைக் கல்விக்கென நோக்கியறியாத பல்லாயிரம் இல்லங்களில் அதுவே வகுப்பறையாயிற்று. அன்று தொடங்கிய பழக்கம், பாடசாலைகள் திறந்தபின்னரும் உயர்கல்வியில் நிலைத்துவிட்டது.

ஆதலின் புதிய மாணவர்க்கெனச் சொற்பட்டியல்கள் பல எழுந்தன. பாடநெறியின் முதல் ஏடாக அவை வழங்கப்படுகின்றன. அவற்றை ஆக்கியோரின் உழைப்பும் தமிழ்ப்பற்றும் மெச்சத்தக்கன. எனினும் அவை தாம் மேற்கொண்ட பணியை நிறைவேற்றுகின்றனவா என்று ஆராயுமிடத்து மூன்று குறைகள் புலப்படுகின்றன. முதலிரண்டும் தொல்காப்பியர் கூறிய அவ்விருவகையேயாம். மூன்றாவது அவற்றினும் பெரிது.

குறைகளைக் கூறுமுன், தொலைக்கல்வி மாணவனின் நிலையை ஒருகாற் சிந்தித்தல் வேண்டும். வகுப்பறையில் ஒரு சொல் விளங்காதபோது ஆசிரியர் விரலால் சுட்டிக் காட்டுகிறார். “இதனை அழுத்து” என்றவுடன் சொல்லின் குறை விரலால் நிரம்பிவிடுகிறது. அயலிருக்கையிலுள்ள நண்பனும் உதவுவான். தொலைவிலிருந்து கற்போனுக்கு விரலுமில்லை, அயலிருக்கையுமில்லை. பகலெல்லாம் தொழில் செய்து இரவு பத்து மணிக்குக் கைப்பேசியைத் திறக்கும் அவனுக்கு ஏட்டிலுள்ள சொல்லே ஆசிரியரின் விரல். அவ்விரல் இரண்டு இடங்களை ஒருங்கே சுட்டுமாயின் அவன் எங்கே செல்வான்?

முதலாவது குறை, ஒரு பொருளுக்குப் பல பெயர் வழங்குதல். கருவியின் பெயரையே எடுத்துக்கொள்வோம். கணினி என்பர் சிலர். கணிப்பொறி என்பர் சிலர். எமது நாட்டிலே கணனி என்று எழுதுவாரும் பலர். இம்மூன்றும் ஒன்றே என்பதைக் கற்றவர் எளிதில் உணர்வர். ஆனால் கணக்கொன்றுக்குள் புகும் செயலை ஒரு திரை ‘உள்நுழை’ என்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவிலோ அதற்குப் ‘புகுபதிகை’ என்னும் சொல் வழங்கி வந்திருக்கிறது. இணையத்திலிருந்து ஒரு பாடத்தைத் தன் கருவிக்குக் கொணர்தலைப் பதிவிறக்கம் என்றும் தரவிறக்கம் என்றும் கூறுவர். ஒரே பாடநெறியின் வழிகாட்டியில் ஒரு சொல்லும், விரிவுரையில் மற்றொரு சொல்லும், திரையில் வேறொரு சொல்லும் வருவதுண்டு. அவை மூன்று செயல்களோ ஒரு செயலோ என்று துணிதற்குப் புதியவனிடம் அளவுகோல் யாதுமில்லை. ஆங்கிலச் சொல்லையே தமிழெழுத்தில் எழுதிவிட்டால் இவ்விடர் நீங்குமெனச் சிலர் கருதுவர். அதுவும் நீங்குவதாயில்லை. சென்னையில் கம்ப்யூட்டர் எனப்படுவது யாழ்ப்பாணத்தில் கொம்பியூட்டர் ஆகிறது. மவுஸ், மௌஸ், மவுசு என மூவகையாலும் எழுதுகிறோம். கடன் வாங்கிய சொல்லும் பன்மையிலிருந்து எம்மைக் காப்பாற்றவில்லை.

இரண்டாவது குறை, பல பொருளுக்கு ஒரு பெயர் வழங்குதல். ‘சுட்டி’ என்னும் சொல்லை நோக்குக. சுட்டெழுத்து, சுட்டுப்பெயர் என இலக்கணத்திற் பழகிய வேரிலிருந்து பிறந்த அழகிய சொல் அது. ஆனால் கையிற் பிடித்து நகர்த்தும் கருவியும் சுட்டி. திரையில் அசையும் அம்புக்குறியும் சுட்டி. அழுத்தினால் வேறொரு பக்கத்துக்குக் கொண்டுசெல்லும் இணைப்பும் சிலர் எழுத்திற் சுட்டி. “சுட்டியைச் சுட்டியின்மேல் வைத்துச் சுட்டியை அழுத்துக” என்று எழுதினும் இலக்கண வழுவொன்றுமில்லை, செய்வதற்குத்தான் வழியில்லை. ‘செயலி’ என்பதும் அத்தகையதே. கணினியின் உள்ளே கணக்கிடும் உறுப்புக்கு அப்பெயர் இடப்பட்டது. நுண்செயலி என்னும் தொடர் அதற்குச் சான்று. கைப்பேசி பரவியபின் அதிலே நாம் நிறுவிக்கொள்ளும் மென்பொருளுக்கும் அதே பெயர் வாய்த்துவிட்டது. இன்று பொதுமக்கள் வழக்கிலே பின்னதே நிலைபெற்றுள்ளது. எனவே “உமது கருவியின் செயலி யாது?” என்று விண்ணப்பப் படிவம் வினவும்போது, தான் பயன்படுத்தும் வாட்ஸ்அப்பின் பெயரை மாணவன் எழுதினால் நகைத்தல் தகாது. அவன் கற்ற பொருளை அவன் எழுதினான்.

‘பதிவு’ என்னும் சொல்லோ எகினத்தையும் விஞ்சிவிட்டது. பாடநெறிக்குப் பெயர் கொடுத்தல் பதிவு. விரிவுரையை ஒலியும் ஒளியுமாகச் சேமித்து வைத்தல் பதிவு. கலந்துரையாடற் பக்கத்தில் ஒருவர் எழுதும் கருத்துப் பதிவு. இவற்றோடு பதிவிறக்கம், பதிவேற்றம் என்பனவும் சேர்ந்துகொள்கின்றன. “பதிவு செய்தீரா?” என்று விரிவுரையாளர் கேட்டால் இவற்றுள் எதனைக் கேட்கிறார் என்பதை இடம் நோக்கி அறிதல் வேண்டும். இடம் நோக்கும் பயிற்சி அத்துறையிற் பழகியோனுக்கு உண்டு, புதியவனுக்கு இல்லை. இக்காரணம் பற்றியே பதிவிறக்கத்திலும் தரவிறக்கம் மேலானது என்பது எமது துணிபு. அது தூய்மையானது என்பதற்காக அன்று. ‘பதிவு’ என்னும் மிகைச்சுமை அதன்மீது இல்லை என்பதற்காகவே.

இவ்விடத்தில் ‘நிகழ்நிலை’ என்னும் சொல்லைத் தனியே ஆராய்தல் பொருந்தும். எமது நாட்டு அரச வழக்கில் இது நன்கு வேரூன்றியது. 2024ஆம் ஆண்டு நிறைவேற்றப்பட்ட சட்டமொன்றின் பெயரிலும் இடம்பெற்றது. இணையத்தோடு தொடர்புற்றிருக்கும் நிலையை இது குறிக்கிறது. ஆனால் சொல்லின் உறுப்புக்களைப் பிரித்து நோக்கின் ‘இப்பொழுது நிகழ்கின்ற நிலை’ என்னும் பொருளே முன்னிற்கிறது. தொலைக்கல்வியிலோ இரண்டு வகை வகுப்புக்கள் உள. குறித்த நேரத்தில் ஆசிரியரும் மாணவரும் ஒருங்கே கூடுவது ஒன்று. முன்னரே ஆயத்தஞ் செய்து வைத்த பாடத்தை மாணவன் தனக்கியன்ற வேளையிற் படிப்பது மற்றொன்று. இரண்டும் இணையவழியே நிகழ்வன. ஆயின் முதலாவது மட்டுமே இப்பொழுது நிகழ்வது. ‘நிகழ்நிலைப் பாடம்’ என்ற அறிவித்தலைக் கண்டு, கடந்த மாதமே ஏற்றிவைத்த பாடத்துக்காகக் குறித்த நாளிற் காத்திருப்பவனும் உளன். எப்போதும் பார்க்கலாம் என்றெண்ணி நேரடி வகுப்பைத் தவறவிடுபவனும் உளன். ‘இணையவழிப் பாடம்’ எனப் பொதுவாகவும், ‘நேரடி இணைய வகுப்பு’, ‘பதிந்துவைத்த பாடம்’ எனச் சிறப்பாகவும் வழங்குவோமாயின் இம்மயக்கம் நீங்கும்.

இதனாற் புதுச்சொற்கள் யாவும் பழுதென்று நாம் கூறினோமல்லேம். செவ்வையாக அமைந்தன பல உள. ‘கோப்பு’ என்பது அவற்றுட் சிறந்தது. தாள்களைக் கயிற்றிற் கோத்து அடுக்கிய கந்தோர்க் கட்டுக்கு வழங்கிய பெயர், கணினியிற் சேர்த்துவைத்த எழுத்துக்கும் கணக்குக்கும் படத்துக்கும் இயல்பாகப் பொருந்திவிட்டது. கோப்புக்களை இட்டுவைக்கும் உறை ‘கோப்புறை’ எனப்பட்டதில் விளக்கவுரைக்கே இடமில்லை. ‘மின்னஞ்சல்’ அத்தகையதே. ‘கடவுச்சொல்’ என்பதைச் சிலர் செயற்கையெனக் குறைகூறுவர். புகையிரதக் கடவையையும் கடவுச்சீட்டையும் அறிந்த எமது மாணவனுக்குக் கடத்தற்கு உரிமை தரும் சொல் எதுவென்று புலப்படாமற் போகாது. இச்சொற்கள் நிலைத்தமைக்குக் காரணம் அவை தமிழாயிருத்தல் மட்டுமன்று. அறிந்த பொருளொன்றின் கைபிடித்து அறியாத பொருளிடம் அவை மாணவனை அழைத்துச் செல்கின்றன.

இனி மூன்றாவது குறை. எமது சொற்பட்டியல்கள் பெயரைக் கூறுகின்றன, செயலைக் கூறுவதில்லை. ‘உலாவி’ என்பதற்கு ‘இணையத்தில் உலாவ உதவும் மென்பொருள்’ என்று பொருள் எழுதப்படுகிறது. உலாவுதல் யாது, மென்பொருள் யாது என்பதை அறியாதவனுக்கு இது ஒரு பூட்டைத் திறக்க மற்றொரு பூட்டைக் கொடுத்தலை ஒக்கும். மேலும், பட்டியலின் முதற்பக்கத்தை வன்பொருள், மையச் செயலகம், நினைவகம் என்பன நிரப்புகின்றன. கணினிக் கல்வியை ஒரு பாடமாகப் பயில்வோனுக்கு இவை முதலில் வேண்டுவன. வரலாற்றையோ சட்டத்தையோ தொலைவிலிருந்து கற்க வந்தவனுக்கு அவை வேண்டுவனவல்ல. ஈருருளி ஓட்டப் பழகுவோனுக்கு இரும்பு உருக்கும் முறையை முதலிற் கற்பிப்பாரில்லை.

கடவுச்சொல்லையே மீண்டும் எடுத்துக்கொள்வோம். ‘கணக்கினுட் புகப் பயன்படும் இரகசியச் சொல்’ என்பதோடு பட்டியல் நின்றுவிடுகிறது. ஆங்கில எழுத்தில் பெரியது, சிறியது என இருவடிவம் உண்டு. கடவுச்சொல்லிலே அவ்விரண்டும் வெவ்வேறெழுத்தாகவே கொள்ளப்படும். தமிழெழுத்தில் அவ்வேறுபாடு இல்லாமையால், தமிழ் வழியிற் கற்றவனுக்கு இதனைச் சொல்லித்தான் தெரிவித்தல் வேண்டும். சொல்லாதவிடத்துத் தான் சரியாகவே எழுதியும் கதவு திறக்கவில்லை என்று அவன் மயங்குவான். அச்சொல்லை எவர் கேட்பினும், பல்கலைக்கழகத்திலிருந்து பேசுவதாகக் கூறிக் கேட்பினும், கொடுத்தலாகாது என்பதும் அப்பொருளின் ஒரு கூறேயாம். இவை இல்லாத விளக்கம் அகராதிக்குப் போதும்; மாணவனுக்குப் போதாது.

இதன் விளைவு எத்துணைப் பெரிதென்பதை ஓரிடத்தில் தெளிவாகக் காணலாம். பல நாட்டுப் பல்கலைக்கழகங்களும் பாடங்களை ஒழுங்குபடுத்த மூடில் என்னும் மென்பொருளைக் கையாளுகின்றன. 2002ஆம் ஆண்டிலே வெளியான அதனை ஆக்கிய மார்ட்டின் டூகியாமஸ் என்பவர், மேற்கு அவுஸ்திரேலியாவின் பாலைநிலப் பகுதியில் வளர்ந்து, வானொலிவழிப் பாடசாலையிற் கற்றவர்; தாமே தொலைக்கல்வி மாணவராயிருந்தவர். அம்மென்பொருளில் ஒப்படை ஒன்றைக் கொடுக்க முற்படும் மாணவி மூன்று செயல்களைச் சந்திக்க நேரும். தன் கோப்பை ஏற்றுதல் முதலாவது. ஏற்றியதைச் சேமித்தல் இரண்டாவது. சேமித்ததைச் சமர்ப்பித்தல் மூன்றாவது. சமர்ப்பிக்கும் பொத்தானை மாணவரே அழுத்துதல் வேண்டும் என ஆசிரியர் அமைத்திருப்பாராயின், இரண்டாவதோடு நின்றவளின் ஒப்படை வரைவாகவே இருந்துவிடும், சமர்ப்பித்ததாகக் கொள்ளப்படாது. இவற்றுக்கு எமது பட்டியல்கள் தரும் பொருள் யாது? ஏற்றுதல் என்பது ‘அனுப்புதல்’. சமர்ப்பித்தல் என்பதும் ‘அனுப்புதல்’. முதலாவது பொத்தானை அழுத்திய மாணவி தான் அனுப்பிவிட்டதாக நம்பி உறங்கப் போகிறாள். குறித்த நாள் கடந்துவிடுகிறது. இரவிரவாக எழுதிய உழைப்புக் கோப்புறையிலே கிடக்க, அவள் பெயருக்கெதிரே வெற்றிடம் இருக்கிறது. அவள் பாடத்தைக் கல்லாமையால் இது நேர்ந்ததா? ஒரு சொல்லின் எல்லையை நாம் வரையாமையால் நேர்ந்தது. சொல்லாய்வு புலவர்தம் பொழுதுபோக்கு என்று கருதுவோர் அவ்வெற்றிடத்தை நோக்குவாராக.

“திரையிலே ஆங்கிலமே இருக்கும்போது தமிழ்ச் சொற்கள் எதற்கு?” என்று வினவுவோர் உளர். அவ்வினாவில் ஒரு பாதி உண்மை உண்டு. மாணவன் திரையிற் காண்பது ஆங்கிலச் சொல்லாயின், அதன் தமிழ்ப் பெயரை மட்டும் கற்றவன் பொத்தானைக் கண்டுபிடிக்கமாட்டான். ஆயின் ஆங்கிலத்தைத் தமிழெழுத்திற் பெயர்த்தெழுதினாலும் பயனில்லை. ‘சப்மிற்’ என்று ஏட்டிலே படித்தவன் ஆங்கில எழுத்து வடிவைத் திரையிற் கண்டு அதுதான் இதுவென்று எவ்வாறு தெளிவான்? ஓசை காதுக்கு உதவும், கண்ணுக்கு உதவாது. எஞ்சிய பாதி அவர் மறந்தது. ஆங்கிலச் சொல் பொத்தானைக் காட்டும்; அதை அழுத்தினால் நிகழ்வது யாது, அழுத்தியபின் மீட்கலாமோ, அன்றோ என்பதை அவன் சிந்திக்கும் மொழியே விளக்குதல் கூடும். ஆகவே ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று கூறு வேண்டும் என்பது எமது கருத்து. பாடநெறி முழுவதும் மாறாது வழங்கும் தமிழ்ச்சொல் ஒன்று. திரையிலே தோன்றும் வடிவம் அதன் சொந்த எழுத்திலேயே மற்றொன்று. அழுத்தியபின் நிகழ்வது யாதென ஒரு வாக்கியம் மூன்றாவது.

வரிசை முறையிலும் மாற்றம் வேண்டும். இக்காலப் பட்டியல்கள் பல அகரவரிசையில் அமைந்தன. அகரவரிசை, சொல்லை முன்னரே கண்டவன் அதன் பொருளைத் தேடுதற்கு ஏற்றது. 1732ஆம் ஆண்டிலே வீரமாமுனிவர் சதுரகராதியை ஆக்கியபோது தமிழுக்குக் கிடைத்த பெரும்பேறு அம்முறை. ஆயினும் அதற்கு முன்னரே எமது திண்ணைப் பள்ளிகளிற் சிறுவர் மனனஞ் செய்த நிகண்டுகள் வேறொரு முறையை அறிந்திருந்தன. மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டு தேவர், மக்கள், விலங்கு, மரம், இடம் எனப் பொருள்வகையால் தொகுதி பிரிக்கின்றது. ஒன்றோடொன்று சேர்ந்திருப்பன சேர்த்தே கற்பிக்கப்பட்டன. புதிய மாணவனுக்கு ஏற்றது இம்முறையே. ஆனால் பொருள்வகைக்குப் பதிலாகச் செயல்வகையால் தொகுத்தல் வேண்டும்: கணக்கினுட் புகுதல், பாடத்தைத் தேடிப் படித்தல், நேரடி வகுப்பிற் சேர்தல், ஒப்படை கொடுத்தல், உதவி கேட்டல். ஐந்து தொகுதி, தொகுதிக்கு எட்டுச் சொல்லாக நாற்பது சொற்கள். இவற்றைத் தெளிவாக அறிந்தவன் ஏனையவற்றைத் தானே கற்றுக்கொள்வான்.

இவ்வாறு செயலோடு சேர்த்துச் சொல்லாக்கும் மரபு எமக்குப் புதியதன்று. 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயிலிருந்து மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். நூல்களைத் தமிழாக்குதலும் மாணவர்க்குக் கற்பித்தலும் அவரிடத்து ஒருங்கே நிகழ்ந்தன. உடற்கூற்றுக்கு அவர் வழங்கிய ‘அங்காதிபாதம்’ என்னும் சொல் இன்று வழக்கொழிந்துவிட்டது. ஆயினும் அச்சொல்லைக் கொண்டு கற்றவர் நோயாளரைப் பேணினர். ஒரு கலைச்சொல் அழியாதிருத்தலால் மட்டும் பெருமை பெறுவதில்லை. தன் காலத்து மாணவனைக் கரையேற்றுதலாலும் பெறுகிறது. பின்னர் 1936ஆம் ஆண்டிலே சென்னையிற் கூடிய சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர் ஈழத்து விபுலாநந்த அடிகள். பாடசாலைகளிற் பல்லாண்டு கற்பித்த விஞ்ஞான ஆசிரியர் அவர். கற்பித்த கையே சொல்லையும் ஆக்கவேண்டும் என்பதற்கு இவ்விருவரும் சான்றாவர்.

அக்கை எமது கல்லூரிகளிலும் உண்டு. உயர்தர வகுப்பு மாணவர் நாளாந்தம் இக்கருவிகளைக் கையாளுகின்றனர். பழைய மாணவருட் பலர் இத்துறையிலேயே தொழில் புரிகின்றனர். தமிழாசிரியர் சொல்லின் எல்லையை அறிவர். இம்மூவரும் ஒரு மேசையிற் கூடின் நாற்பது சொற்கொண்ட சிற்றேடு ஒன்றை ஒரு தவணைக்குள் ஆக்கிவிடலாம். ஆக்கியபின் அதனை அறிஞர் அவையில் அரங்கேற்ற வேண்டியதில்லை. கணினியைத் தொட்டறியாத ஒருவரிடம், தாயாரிடமோ அயலவரிடமோ, ஏட்டைக் கொடுத்து, ஒரு கோப்பை ஏற்றிச் சேமித்துச் சமர்ப்பிக்குமாறு கூறிவிட்டு, வாய்திறவாது பக்கத்தில் அமர்ந்திருத்தல் வேண்டும். எந்த இடத்தில் அவர் தயங்கி எம்மைத் திரும்பிப் பார்க்கின்றாரோ, அந்த இடத்திலுள்ள சொல் திருத்தத்துக்குரியது.